மாற்றாத பாறை

முதல் சொட்டு எரிந்தது. "அப்படித்தான் இருக்கும் தாத்தா, கண்ண மூடிட்டு அசையாம உக்காருங்க, பத்து நிமிசத்துக்கு ஒருக்கா வந்து விடுவேன், மூணு தடவ, நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அந்த நர்ஸ் பெண் போய்விட்டாள். ஜெசிந்தா என்று சட்டையில் பேர் குத்தியிருந்தாள். தாத்தாவாம். எழுபத்திரண்டு வயதில் வேறு எப்படிக் கூப்பிடுவாள், ஓவியர் அமிர்தலிங்கம் அவர்களே என்றா. பொள்ளாச்சியில் இந்தக் கண் ஆஸ்பத்திரி மாடியில் எனக்கு இருக்கிற மரியாதை ஒரு டோக்கன் நம்பர்தான், அதுவும் நல்லதுக்குத்தான். இன்றைக்குப் பரிசோதனை, எல்லாம் சரியாக இருந்தால் நாளைக் காலை வலது கண்ணுக்கு ஆபரேஷன். நாலு வருஷமாக என் படங்களில் ஒரு பொன் வெளிச்சம் இறங்கியிருப்பதாக எழுதினார்கள். முதுமையின் கனிவு என்று ஒருவர் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதினார். கனிவும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை, கண்புரை. என் மகள் வசுமதிதான் கண்டுபிடித்தாள், ஏம்ப்பா வானத்தைப் பச்சையா அடிச்சு வச்சிருக்கீங்க என்று கேட்டாள், எனக்கு அது நீலமாகத்தான் இருந்தது. சரி, கண்ணை மூடியாயிற்று. மூடினால் என்ன, அது போய்விடுமா. மாடிப்படி ஏறி வந்ததும் எதிர்ச் சுவரில் முதலில் கண்ணில் பட்டதே அதுதான். பழைய காலண்டரில் வந்த படத்தைத் தேதி தெரியாமல் வெட்டி, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். என் இருவாச்சி. மஞ்சளும் கறுப்புமாக அந்தப் பெரிய அலகு, அலகின் நுனியில் ஒரு அத்திப்பழம், ரத்தச் சிவப்பாக ஒரு கண். ஆண் பறவைக்குத்தான் சிவப்புக் கண். பெட்டைக்கு வெள்ளை. பெட்டை படத்தில் இல்லை, மரப்பொந்துக்குள் இருக்கிறாள், ஒரு விரல் அகலத்துக்கு வாசலில் விட்ட கீறல் வழியாக அவளுடைய அலகு நுனி மட்டும் தெரியும். பின்னால் பாறை. அந்தப் பாறையைப் பார்க்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்தவுடன் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டேன். திருப்பிப் போட்டு என்ன பயன், வரைந்தவன் நான்.

இப்போது மணி பதினொன்று இருக்கும். வசுமதி கீழே கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள், கம்ப்யூட்டர் வைத்திருக்கும் யாரோ தெரிந்தவர் கடை, அங்கிருந்து புத்தகத்தின் கடைசித் திருத்தங்களை அனுப்ப வேண்டும். ரெண்டு மணிக்குள்ள பிரஸ்ஸுக்குப் போயிடும்ப்பா, அப்புறம் ஒரு எழுத்துகூட மாத்த முடியாது என்று வருகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். என் படங்களின் புத்தகம், நூற்றி எண்பது பக்கம், அட்டையில் அந்த இருவாச்சி. அட்டைப் படத்தைப் பற்றி உள்ளே ஒரு குறிப்பு. காரை ஓட்டிக்கொண்டே, ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு அதை வாசித்துக் காட்டினாள், எனக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது, ரோட்டைப் பாரும்மா என்றேன், கேளுங்கப்பா என்றாள். "இப்படத்தில் காணும் ஆண் பறவை, நம்பிக்கைக்குரிய காட்டுக் காவலர் ஒருவரே கூட்டைக் காட்டிக்கொடுத்ததால் வேட்டைக்காரர்களுக்குப் பலியானது. அந்தத் துயரம் ஓவியரை இன்றுவரை விட்டு நீங்கவில்லை." அவள் இட்டுக்கட்டியது இல்லை பாவம், பத்தொன்பது வருஷத்துக்கு முந்திய பத்திரிகைத் துண்டிலிருந்து எடுத்தது. சரியாப்பா என்று கேட்டாள். நான் ம் என்றேன். ஒரு ம். லாரி ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு தாண்டிப் போனது. அந்த ம் இப்போது அவளோடு கடைத்தெருவில் போய்க்கொண்டிருக்கிறது, ரெண்டு மணிக்கு அச்சில் ஏறிவிடும், ஏறிவிட்டால் அந்தக் காவலர், என் குட்டன், நிரந்தரமாகக் காட்டிக்கொடுத்தவன். இதுவரைக்கும் மற்றவர்கள் சொன்னது. இனி நான் சொன்னது.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ வந்து உட்கார்ந்தார்கள். "நீங்களும் கண்ண மூடிக்கோங்க, பேச்சுக் கொடுத்துட்டுத் தொறந்துடாதீங்க" என்று ஜெசிந்தா அந்த ஆளிடம் சொல்வது கேட்டது, பதிலுக்கு ஒரு ம். பிறகு இருமல். குட்டையாக இரண்டு, அப்புறம் தொண்டையைச் செருமி நீளமாக ஒன்று. என் கைவிரல்கள் தானாக நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டன. இருமல் எல்லாருக்கும் வரும். குட்டையாக இரண்டு நீளமாக ஒன்று யாருக்கு வேண்டுமானாலும் வரும். ஆனால் பிறகு வாசனை வந்தது. குங்கிலியம். கடையில் சாம்பிராணியோடு கலந்து விற்கிற தூள் இல்லை, மரத்திலிருந்து வழிந்து கட்டியான குங்கிலியம், சட்டையில் ஊறிக் காய்ந்து மறுபடி ஊறின வாசனை. மலையில் குட்டனின் பக்கத்தில் உட்கார்ந்தால் அப்படித்தான் வரும். குங்கிலியம் எடுக்கக் காட்டுக்குள் போய்வந்த கையோடு அப்படியே என்னோடு வந்து மணிக்கணக்கில் மறைவில் உட்காருவான், நான் ஸ்கெட்ச் போட்டுக்கொண்டிருப்பேன், அவன் இருமலை அடக்கி அடக்கி, முடியாதபோது துண்டை வாயில் வைத்து குட்டையாக இரண்டு. அப்புறம் பறவை பறந்துபோன பிறகு நீளமாக ஒன்று. இந்த ஆஸ்பத்திரியில் வாரம் ஒருநாள் மலைக்காரர்களுக்கு இலவசப் பரிசோதனை, கீழே போர்டு போட்டிருந்தார்கள், இன்றைக்கு என்ன கிழமை. வியாழன். போர்டில் என்ன கிழமை போட்டிருந்தது. ஒரு இறகின் ஓரம் எத்தனை பிரிவாகப் பிசிறியிருக்கிறது என்று எண்ணி வரைந்தவன், ஒரு போர்டில் கிழமையைப் பார்க்காமல் ஏறி வந்திருக்கிறேன். கண்ணைத் திறந்து பார்த்தால் ஆயிற்று. திறக்கக் கூடாதென்று சொல்லியிருக்கிறாள். அப்பாடா, சொல்லியிருக்கிறாள்.

அவனுக்கு என்னைத் தெரியுமா இப்போது. தலை முழுக்க வழுக்கை, முன்பு தாடி வைத்திருந்தேன். அவனும் கண்ணை மூடியிருக்கிறான். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் ஒரு நாற்காலிக் கை. எதற்குச் சிரிப்பு வருகிறது. முதல் தடவை அவனைப் பார்த்ததும் சிரிப்பில்தான். நான் அப்போது சினிமா பேனர் வேலையை விட்டுவிட்டு மியூசியத்தில் சேர்ந்திருந்தேன். பேனரில் எனக்குக் கிடைத்ததெல்லாம் வில்லனின் மீசையும் கதாநாயகியின் நகைகளும்தான், முகத்தை எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஓவியர்தான் வரைவார். மியூசியத்தில் என்னை நம்பி ஒரு காட்டையே கொடுத்தார்கள். பஞ்சு அடைத்த புலி, பஞ்சு அடைத்த கடமான், அவற்றின் பின்னால் சுவர் முழுக்கக் காடு வரைய வேண்டும். நான் அதுவரை காட்டைப் பார்த்தவன் இல்லை. ஊட்டிக்குப் போய் ஏரியில் போட் விட்டவன், அவ்வளவுதான். மூன்று மாதம் மாங்கு மாங்கென்று வரைந்தேன். திறப்பு விழாவுக்கு மலையிலிருந்து காடர்கள் நாலைந்து பேரை அழைத்து வந்திருந்தார்கள், அதில் ஒருவன், என்னைவிடப் பத்து வயசு சின்னவன், முப்பது இருக்கும், புலியைப் பார்க்கவே இல்லை, நேராகச் சுவருக்குப் போய் மூக்கு உரசுகிற மாதிரி நின்று பார்த்துவிட்டுத் திரும்பி, "இது எந்தக் காடு சாரே?" என்று கேட்டான். அப்புறம் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, சின்னப் பிள்ளை வரைந்த யானையைப் பார்த்தால் வருமே, அது. "இந்த மரத்துல இந்த எல வராது. இந்த எல இருக்கற எடத்துல புலி படுக்காது." எல்லோர் முன்னாலும். காது மடலெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு. அடுத்த மாதமே பஸ் பிடித்து மேலே போய் அவனைத் தேடினேன். அன்றிலிருந்து நான் வரைந்த ஒவ்வொரு இலையும் அந்த மரத்து இலை, ஒவ்வொரு கல்லும் அந்த இடத்துக் கல். உள்ளதை உள்ளபடி வரைகிறவர் என்று எனக்குப் பேர் வந்தது. அந்தப் பேர் அவன் சிரிப்பிலிருந்து வந்தது. அதை நான் எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை.

"ரெண்டாவது சொட்டு தாத்தா, மேல பாருங்க." பார்த்தேன். வெள்ளையாக ஒரு விரல், ட்யூப் லைட், அப்புறம் எரிச்சல், அப்புறம் மறுபடி இருட்டு. பக்கத்தில் திரும்ப ஒரு நொடி இருந்தது. திரும்பவில்லை. அவளுடைய செருப்பு இரண்டடி நகர்ந்து அந்த ஆளிடம் போனது, அவர் வாயே திறக்கவில்லை, இருமினார். அதே மாதிரி. குட்டன் அப்படித்தான், பேசினால் காசு கொடுக்க வேண்டும் என்பது மாதிரி உட்கார்ந்திருப்பான். பதினோரு வருஷம் கழித்துத்தான் அந்தக் கூட்டை எனக்குக் காட்டினான். இருவாச்சி ஜோடி வருஷா வருஷம் அதே பொந்துக்குத்தான் வரும், பெட்டை உள்ளே போய் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலைத் தானே பூசி அடைத்துக்கொள்வாள், ஒரு கீறல் மட்டும் விட்டு. உள்ளே சிறகெல்லாம் உதிர்ந்துவிடும், பறக்க முடியாது, மாதக்கணக்கில் ஆண் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்டுவதுதான் சோறு. "அவன் வரலேன்னா இவ அவ்வளவுதான் சாரே" என்றான் குட்டன். "இந்த எடம் ஒங்களுக்கும் எனக்கும் மட்டும்தான். எம்பொண்டாட்டிக்குக்கூடச் சொல்லல." எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் கை பரபரத்தது. பறவை வரைகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு, யாரும் எழுதிவைத்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்: கூட்டை வரைந்தால் இடத்தை மாற்றிவிட வேண்டும். பாறையை எடுத்துவிட்டு மூங்கிலைப் போடு, சரிவைச் சமமாக்கு, மரத்தின் மச்சத்தை மறை. நானும் மாற்றித்தான் வரைந்தேன். சத்தியமாக மாற்றித்தான் வரைந்தேன். கூட்டுக்குப் பின்னால் இருக்கிற பாறையை, முதுகில் வெள்ளையாக ஒரு நீர்த்தடம் இறங்குகிற அந்தப் பாறையை, மலை ரோட்டில் ஒரு வளைவில் பஸ் திரும்பும்போது ஜன்னலோரம் இருக்கிற யாருக்கும் தெரிகிற பாறையை எடுத்துவிட்டு ஒரு மூங்கில் புதரை வைத்தேன். குட்டனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இது எந்தக் காடு சாரே?" விஷயத்தைச் சொன்னதும் தலையாட்டினான், "நல்லது, அப்படித்தான் செய்யணும்" என்றான். ஆனால் முதலில் சிரித்தானே. அதே வார்த்தை. பன்னிரண்டு வருஷம் கழித்து அதே வார்த்தை.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செத்த படம். பறவைக்கும் மூங்கிலுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. ராத்திரியும் பகலுமாக இன்னொன்று வரைந்தேன், எனக்காக மட்டும், யாருக்கும் காட்டுவதற்கில்லை, பாறையோடு, நீர்த்தடத்தோடு, மரத்தில் இடி விழுந்த கறுப்போடு. அதுதான் நான் வாழ்க்கையில் வரைந்ததிலேயே நல்ல படம். இப்போதும் சொல்வேன். அந்த வருஷம் ஒரு உரக் கம்பெனி காலண்டருக்குப் பன்னிரண்டு பறவை கேட்டது. பிப்ரவரிக்கு இருவாச்சி. இரண்டு படத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எவ்வளவு நேரம் யோசித்தேன். இல்லை, யோசித்தேன் என்று சொல்வது பொய், யோசிக்கிற மாதிரி நின்றேன். யார் போய்ப் பாறையைப் பார்த்து மரத்தைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள், காலண்டரை எவன் உற்றுப் பார்க்கிறான், பால் கணக்கு எழுதுவான். மூங்கிலை உள்ளே வைத்துவிட்டுப் பாறையைக் கட்டி அனுப்பினேன். உரக் கம்பெனி காலண்டர் எங்கே போகும். மலையடிவாரத்தில் ஒவ்வொரு தோட்டத்துக்கும், ஒவ்வொரு கடைக்கும், டீக்கடைக்கும் போகும். மார்ச் மாதம் குட்டன் பெண்டாட்டியைப் பிரசவத்துக்கு இதே பொள்ளாச்சியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் பதினோரு நாள் கீழேயே இருந்தான். திரும்பி மேலே போனவன் மரத்தடியில் புதிதாக ஒரு விதைகூட விழாததைப் பார்த்து, ஆண் பழம் கொண்டுவரவில்லை என்று தெரிந்து எனக்குச் சொல்லியனுப்பினான். நான் போனேன். கொஞ்சம் தள்ளி ஆண் கிடந்தது, தலை இல்லை, அலகுக்காக வெட்டியிருந்தார்கள். குட்டன் கயிறு போட்டு மரத்தில் ஏறினான். நான் கீழே நின்றேன். சருகில் ஒரு காகிதம், நாலாக மடித்து, மழையில் நைந்து. பிப்ரவரி. என் பறவை, என் பாறை. பாறையைச் சுற்றி யாரோ பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள்.

அதை எடுத்து என் ஸ்கெட்ச் நோட்டுக்குள் வைத்தேன். குட்டன் மேலே இருந்தான், முதுகு காட்டி, வாசலை உடைத்துக்கொண்டிருந்தான். அவன் பார்க்கவில்லை. பார்த்தானா. பத்தொன்பது வருஷமாக இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன், அவன் கை நின்றதா, ஒரு நொடி நின்றதே, அது என்னைப் பார்த்தா உள்ளே இருந்ததைப் பார்த்தா. அப்புறம் அவளைத் துண்டில் சுற்றிக் கீழே கொண்டுவந்து வைத்தான். சிறகு இல்லாமல், ஒரு கோழி அளவுக்குச் சுருங்கி, வெள்ளைக் கண் பாதி திறந்து. வயிற்றுக்குக் கீழே குஞ்சு. கழுத்து வெள்ளையில் மஞ்சள் பூச்சு அப்படியே இருந்தது. வாலடியில் ஊறுகிற எண்ணெயை அலகால் தொட்டுத் தானே பூசிக்கொள்ளும் மஞ்சள் அது, உள்ளே பட்டினியில் கிடந்தபோதும் பூசியிருக்கிறாள். அப்போது நான் செய்ததைச் சொல்லவா. சொல்லத்தான் வேண்டும். பென்சிலை எடுத்தேன். எனக்கே தெரியாமல் எடுத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் எனக்குத் தெரிந்தேதான் எடுத்தேன், பொந்துக்குள் சிறகு உதிர்ந்த பெட்டையை இவ்வளவு பக்கத்தில் யார் பார்த்திருக்கிறார்கள் என்று ஒரு மூலையில் ஓடியது. "வரயாதீங்க சாரே" என்றான் குட்டன். பதிவுக்காக என்றேன் நான். அவன் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டான். மறுவாரம் வனத்துறை அதிகாரி ஒருவர் விசாரித்தார், இந்த மரம் யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார். எனக்கும் அவனுக்கும்தான் என்றேன். அது பொய் இல்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. காகிதம் என் பையில் இருந்தது, டெல்லியிலிருந்து ஒரு பெரிய வேலைக்கான கடிதமும் அதே பையில் இருந்தது. குட்டனின் தினக்கூலி காவல் வேலை போயிற்று. சொந்த ஜனமே அவனிடம் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். ஒரே ஒரு தடவை, இரண்டு வருஷம் கழித்து, இந்த ஊர் பஸ் ஸ்டாண்டில், தோளில் ஒரு குழந்தையோடு முதுகு காட்டி நின்றிருந்தான். நான் புத்தகக் கடைப் பக்கம் திரும்பி, தொங்கிக்கொண்டிருந்த பத்திரிகைகளை எல்லாம் தலைப்பு தலைப்பாகப் படித்தேன். பஸ் கிளம்பும் சத்தம் கேட்கும் வரைக்கும் படித்தேன்.

இருமல். குட்டையாக இரண்டு. சொல்லிவிடு. கண்ணை மூடியிருக்கும்போதே சொல்லிவிடு, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உன்னால் முடியாது, இதைவிட்டால் வாய்க்காது. "எதிர்ச் சுவத்துல ஒரு படம் மாட்டியிருக்கு" என்றேன். என் குரலா அது. "ம்" என்றது பக்கத்தில். "அது நான் வரைஞ்சது. அமிர்தலிங்கம்." பதிலுக்குக் காத்திராமல் மேலே போனேன். "அந்தப் பாறைய மாத்தி ஒண்ணு வரைஞ்சேன், மாத்தாம ஒண்ணு வரைஞ்சேன். மாத்தாதத அனுப்பினேன். அத வச்சுத்தான் அவனுக மரத்தக் கண்டுபிடிச்சானுக. காகிதம் அங்கயே கிடந்துது, நான் எடுத்து ஒளிச்சு வச்சேன். பழி குட்டன் மேல விழறதப் பாத்துட்டு நான் வாயத் தொறக்கல. அவன் வேலை போயிடும்னு தெரியும். தெரிஞ்சும் தொறக்கல. பயம். பேரு போயிடும்னு பயம்." மூச்சு வாங்கியது. இவ்வளவுதானா. பத்தொன்பது வருஷம் சுமந்தது, சொன்னால் ஒரு நிமிஷம்கூட வரவில்லை. அழுகிறேனா, சொட்டு மருந்தா தெரியவில்லை, கன்னத்தில் வழிந்தது. அவன் பேசட்டும். திட்டட்டும். சாரே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாற்காலி என் பக்கமாகத் திரும்பிக் கிறீச்சிட்டது. "அடக் கடவுளே" என்றது குரல், கனமான, சாவகாசமான ஒரு குரல். "அதுக்கப்புறம் அந்த ஆளு என்னங்க ஆனாரு? இப்ப எங்கீங்க இருக்காரு?"

குட்டன் இல்லை. அவன் சாகும்வரைக்கும் அப்படிப் பேசமாட்டான். "நீங்க யாருங்க?" என்றேன். "நானுங்களா, சென்னியப்பனுங்க. ஆனமலைல நாட்டு மருந்துக் கடை வச்சிருக்கறனுங்க." நாட்டு மருந்துக் கடை. மூட்டை மூட்டையாகக் குங்கிலியம். எனக்குள் முதலில் வந்தது நிம்மதி, அதை மறைக்க மாட்டேன், அடுத்த நொடி அந்த நிம்மதியை நினைத்து உடம்பு கூசியது. "சொல்லுங்க, எங்கீங்க இருக்காரு?" என்று அவர் விடவில்லை. நல்ல மனுஷர், நிஜமான அக்கறையோடு கேட்கிறார். அந்தப் பெட்டை எத்தனை நாள் உள்ளே உயிரோடு இருந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும், உதிர்ந்த இறகுகளை எண்ணியிருக்கிறேன், குஞ்சின் எடை சொல்வேன். "தெரியாதுங்க" என்றேன். "உசுரோட இருக்காருங்களா?" "அதுவும் தெரியாதுங்க." அவர் இருமினார், அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை. பையில் தடவிப் போனை எடுத்தேன். ஒன்றாம் நம்பரை அழுத்திப் பிடித்தால் வசுமதி. "என்னப்பா, முடிஞ்சுதா?" என்றாள், பின்னால் பிரிண்டர் சத்தம். "அட்டைக் குறிப்ப அனுப்பிட்டியா?" "இப்பத்தான் அனுப்பப் போறேன்." "அனுப்பாதே. எழுதிக்கோ. அந்த மரத்தக் காட்டிக்கொடுத்தது காவலர் இல்ல, இந்தப் படம். தெரிஞ்சே வரைஞ்சேன், தெரிஞ்சே அனுப்பினேன், தெரிஞ்சே மறைச்சேன். நம்ம பீரோல அடித்தட்டுல பச்சை நோட்டு இருக்கு, அதுக்குள்ள ஒரு காகிதம் இருக்கு, அதையும் படமா போடணும்." பிரிண்டர் நின்றுவிட்டது. அப்புறம் என்னிடம் இதுவரை பேசாத ஒரு குரலில், "சரி, எழுதிட்டேன். அவர் பேரப் போடணும். அவர் பேரென்ன?" என்றாள். "குட்டன்." "அது கூப்பிடற பேருப்பா. அவரோட பேரு? அப்பா பேரு, ஊரு?" பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து இருமலை அடக்கிக்கொண்டிருந்தவன். இருவாச்சிக்கு அறிவியல் பேர், மலையாளத்துப் பேர், காடர் கூப்பிடும் பேர் எல்லாம் சொல்வேன், அந்தப் பேர்களை எனக்குச் சொன்னதே அவன்தான். குட்டா என்று கூப்பிட்டால் வந்தான், வந்ததால் கேட்கவில்லை.

"எடம் விட்டு வை" என்றேன். "ரெண்டு மணிக்குப் போகணும்ப்பா." "போகட்டும். எடத்த வெறுமையா விட்டே போகட்டும், இல்லேன்னா புத்தகமே நிக்கட்டும். நான் போய்க் கேட்டுட்டு வரேன்." எங்கே என்று அவள் கேட்கவில்லை, போனை வைத்துவிட்டாள். மூன்றாவது சொட்டுக்கு ஜெசிந்தா வந்தாள். எழுந்து நின்றேன். "உக்காருங்க தாத்தா, இன்னும் ஒண்ணு இருக்கு, அப்புறம் டாக்டர் பாப்பாரு, நாளைக்கு ஆபரேஷன்." "நாளைக்கு வேண்டாம்மா. எம்பேர எடுத்துடு. மலைக்குப் போற பஸ் எப்போ?" "ஐயோ, ரெண்டு சொட்டு விட்டாச்சு, சாயங்காலம் வரைக்கும் வெளிச்சமே ஆகாது, கண்ணு கூசும், யாரையும் மூஞ்சி அடையாளம் தெரியாது, எங்க போறீங்க?" கண்ணைத் திறந்தேன். வெள்ளை. எல்லாம் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது, ஜெசிந்தா ஒரு நீலக் கறை, சென்னியப்பன் ஒரு பெரிய மங்கல், கையெடுத்துக் கும்பிட்டாரோ என்னவோ, நானும் கும்பிட்டேன். எதிர்ச் சுவரில் பறவை தெரியவில்லை. அலகு, பழம், சிவப்புக் கண், ஒன்றும் தெரியவில்லை. பாறை மட்டும் தெரிந்தது, வைத்த இடத்தில் வைத்தபடி. "தாத்தா, ஆபரேஷன்னா பயமா?" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், மெத்தென்ற சின்னக் கை. "பயம்தாம்மா" என்றேன். "படி எந்தப் பக்கம்னு மட்டும் காட்டு."